அப்பாவின் புருவத்துத் தழும்பு எங்கே போயிற்று?

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், ஆகவே ஊரைத் தவிர மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டேன். நீளமான கடிதம். அதன் சாரத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய அப்பா கைலி நெசவாளர். போன வருடம் காலமானார். அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு நாள் வருகிறது. ஹாலில் 3க்கு 4 அடியில் அப்பாவின் படம் மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கையில் இருந்தது தங்கையின் கல்யாணத்தில் தம்பி போனில் எடுத்த குரூப் போட்டோ. பதினொரு பேர் நிற்கும் அந்தப் படம் வாட்ஸ்ஆப்பில் வந்தது. அதிலிருந்து அப்பாவை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வேலூரில் ஒரு பிரிண்ட் கடையில், "300 டிபிஐ இல்லாமல் பெரிய பிரிண்ட் வராதும்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். (டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு.) அக்கா மகன் போனில் ஒரு ஆப் போட்டு 300 ஆக்கிக் கொடுத்தான். 180 கேபி இருந்த கோப்பு 9 எம்பி ஆனது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. முதலில் 18க்கு 24 அங்குலத்தில் போட்டுப் பார்ப்போம் என்று போட்டார்கள். வந்த படத்தில் தோல் மெழுகு பூசியது போல இருக்கிறது. அப்பாவுக்குப் பத்தொன்பது வயதில் தறியிலிருந்து நாடா, அதாவது ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டை, தெறித்து இடது புருவத்தில் பட்ட தழும்பு உண்டு. படத்தில் அது இல்லை. அம்மா பார்த்துவிட்டு, "உங்கப்பா மாதிரி இருக்காரு, உங்கப்பா இல்ல" என்று சொல்லி உள்ளே போய்விட்டாராம்.

அவர் கேட்பவை இவை. உண்மையான 300 டிபிஐ எப்படிக் கொண்டுவருவது? 9 எம்பி இருந்தும் ஏன் தெளிவில்லை? இதே படம் அஞ்சலி பேனரில் நன்றாகத்தானே இருந்தது? ஏஐ ஆப் ஒன்றில் போட்டால் தெளிவாகும் என்கிறார்களே, செய்யலாமா? கல்யாண ஸ்டூடியோக்காரர் ஒரிஜினல் கோப்புகளைத் தர மறுக்கிறார், கேட்க உரிமை உண்டா? பிரிண்ட் கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "1984ல் ஸ்டூடியோவில் எடுத்த ஒரு கருப்பு வெள்ளைப் படமும் அதன் நெகட்டிவும் பீரோவில் கவரோடு இருக்கின்றன, ஆனால் அதெல்லாம் ரொம்பப் பழசு."

சகோதரி, அம்மா சொன்ன அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தை மூடி வைத்திருந்தேன். ஃபிலிம் காலத்திலிருந்து வேலூரில் லேப் வேலையில் இருக்கிறேன். நினைவு நாள் படம் கேட்டு வருகிறவர்கள் பிக்சல் பார்க்க வருவதில்லை, முகம் பார்க்க வருகிறார்கள். உங்கள் அம்மா பார்த்த பார்வை மிகச் சரியானது. அந்த பிரிண்டில் இருப்பதில் பெரும்பகுதி உங்கள் அப்பா இல்லைதான். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். நல்ல செய்தியும் இருக்கிறது. உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது.

300 என்பது லேபிள்

நெசவாளர் வீட்டுப் பெண் நீங்கள், தறியை வைத்தே சொன்னால் சட்டென்று புரியும். நீளவாக்கில் ஓடும் பாவில் எத்தனை இழை ஓட்டினோமோ அத்தனைதான் துணிக்கு உண்டு. 4000 இழையை 40 அங்குல அகலத்தில் நெய்தால் அங்குலத்துக்கு 100 இழை. அதே 4000 இழையை 80 அங்குலத்துக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு 50 தான், துணி சல்லடையாகிவிடும். அந்தத் துணியின் மேல் "100 இழை" என்று லேபிள் ஒட்டினால் நூல் கூடுமா?

படத்தை உண்டாக்கும் குட்டிக் கட்டமான பிக்சல்தான் இழை. டிபிஐ என்பது கோப்புக்குள் எழுதி வைத்திருக்கும் லேபிள். 72 என்று இருந்ததை 300 என்று மாற்றி எழுதினால் ஒரு பிக்சலும் கூடாது, குறையவும் குறையாது. படத்தின் அகலம் எத்தனை பிக்சல், பிரிண்டின் அகலம் எத்தனை அங்குலம், இந்த இரண்டையும் வகுத்தால் வருவதுதான் உண்மையான எண். மற்றதெல்லாம் பேச்சு.

உங்கள் படத்துக்கு வருவோம். வாட்ஸ்ஆப் சாதாரணமாக ஒரு படத்தை அனுப்பும்போது நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். நீங்கள் அனுப்பிய குரூப் போட்டோ 1600க்கு 1200 தான். அதில் அப்பாவை மார்பளவு வெட்டினால் 300க்கு 400 பிக்சல் கிடைக்கிறது. அதை 24 அங்குல உயரத்துக்கு இழுத்திருக்கிறார்கள். 400ஐ 24ஆல் வகுங்கள். அங்குலத்துக்கு 17 கூட வரவில்லை. ஒவ்வொரு பிக்சலும் ஒன்றரை மில்லிமீட்டர் கட்டம், ஒரு கேழ்வரகு மணி அளவு. புருவத்துத் தழும்பு அதில் இரண்டு மூன்று மணிக்குள் அடங்கியிருக்கும்.

அக்கா மகன் போட்ட ஆப் லேபிளை மட்டும் மாற்றவில்லை, புதிதாகப் பிக்சல்களையும் செய்து நிரப்பியிருக்கிறது. 18க்கு 24 அங்குலத்துக்கு 300 வீதம் என்றால் 5400க்கு 7200. அதாவது கேமரா பார்த்த ஒவ்வொரு பிக்சலும் 324 பிக்சலாக ஆக்கப்பட்டிருக்கிறது. 324ல் ஒன்றுதான் உங்கள் அப்பாவின் முகத்திலிருந்து வந்த வெளிச்சம். மீதி 323 அந்த மென்பொருளின் ஊகம். 9 எம்பி ஆனது இதனால்தான். எம்பி என்பது கோப்பு எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதற்கான அளவு. பஞ்சைத் திணித்தாலும் மூட்டை பெரிதாகத்தான் தெரியும். பையனைத் திட்டிவிடாதீர்கள், கேட்டதைச் செய்து கொடுத்தான். கோப்பைத் திறந்த உடனே பிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து, "இது போதாதும்மா, வேறு படம் இருக்கா" என்று கேட்டிருக்க வேண்டியது கடைக்காரர். எங்கள் தொழிலில் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவது பெரிய குறை. 300 என்று மந்திரம் போலச் சொல்லிவிட்டு வாடிக்கையாளரை வீட்டுக்கு அனுப்புவது உதவி ஆகாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் மேல் 1440 டிபிஐ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது மைத்துளிகளின் கணக்கு, உங்கள் படத்துக்குச் சம்பந்தமில்லாதது.

பேனரில் நன்றாக இருந்தது ஏன்?

நல்ல கேள்வி இது. பதிலும் எளிது. பேனரை நீங்கள் சாலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள்.

சாதாரணப் பார்வை உள்ள கண்ணுக்கு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். அதை அங்குலக் கணக்காக மாற்றினால் மனப்பாடம் செய்யக்கூடிய ஒரு வாய்பாடு கிடைக்கிறது: எத்தனை அடி தள்ளி நின்று பார்க்கிறோமோ, அந்த எண்ணால் 300ஐ வகுக்கவும். ஓர் அடியில் 300 பிக்சல் வேண்டும். மூன்று அடியில் 100. ஆறு அடியில் 50 போதும். அந்தப் புகழ்பெற்ற 300 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? கையில் பிடித்துப் பார்க்கும் ஆல்பத்துக்கும் புத்தகத்துக்கும் உரியது அது. சுவருக்கு அதையே கேட்டால் 3க்கு 4 அடிப் படத்துக்கு 10800க்கு 14400, அதாவது பதினைந்து கோடிக்கும் மேல் பிக்சல் தேவை. நம் ஊர்க் கல்யாணக் கேமரா எதிலும் அது கிடையாது.

அஞ்சலி பேனரில் அப்பாவின் படம் மூன்று அடி உயரம் என்று எழுதியிருந்தீர்கள். 400 பிக்சலை 36 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 11. வாய்பாட்டைத் திருப்பிப் போட்டால், 27 அடி தள்ளி நிற்பவருக்கு அது குறையாகத் தெரியாது. ஹாலில் அப்படித் தள்ளி நிற்க இடம் ஏது? 12 அடி ஹால், எதிரே சோபா, அங்கிருந்து சுவர் எட்டு ஒன்பது அடி.

இங்கே ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். விருந்தாளிகள் சோபாவிலிருந்து பார்ப்பார்கள். அம்மா அங்கிருந்து பார்க்கப் போவதில்லை. காலையில் பூ வைக்கும்போதும், விளக்கேற்றும்போதும், யாரும் இல்லாத மத்தியானத்திலும் ஒன்றரை அடி பக்கத்தில் நிற்பார். அந்தத் தூரத்துக்கு அங்குலத்துக்கு 200 வேண்டும். ஆகவே என் ஆலோசனை இரண்டு படம் போடுங்கள் என்பது. ஒன்று சுவருக்குப் பெரியதாக. இன்னொன்று அம்மாவின் கைக்கெட்டும் இடத்தில், 8க்கு 10 அங்குலத்தில், முழுத் தெளிவோடு. பெரிய படம்தான் மரியாதை என்று நினைத்துச் சின்ன படத்தை விட்டுவிட வேண்டாம்.

எந்தப் படத்திலிருந்து?

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஒவ்வொன்றையும் பார்த்துவிடுவோம்.

முதலாவது தம்பியின் போன். கல்யாணத்தன்று எடுத்த மூலப்படம் இன்னும் அதிலேயே இருக்கலாம். கேலரியில் படத்தின் விவரத்தைத் திறந்து பாருங்கள். 4000க்கு 3000 என்பது போல இருந்தால் அதுதான் மூலம். 1600க்கு 1200 என்று இருந்தாலோ, கோப்பின் பெயரில் தேதிக்குப் பிறகு 'டபிள்யூஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தாலோ அது வாட்ஸ்ஆப்பில் வந்த நகல். மூலம் கிடைத்தால் அதே வெட்டு 750க்கு 1000 பிக்சலாக இருக்கும். இரண்டரை மடங்கு நல்லது, ஆனாலும் 10 அங்குல உயரத்துக்கு அங்குலத்துக்கு 100 தான். சுவருக்குப் போதாது. அனுப்பச் சொல்லும்போது 'டாகுமெண்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருக்காமல் அப்படியே வரும். 2023ல் வந்த எச்டி வசதி சாதாரண வழியைவிட மேல், ஆனாலும் அது மூலம் ஆகாது. பென்டிரைவ் எல்லாவற்றையும்விட நிம்மதி.

இரண்டாவது கல்யாண ஸ்டூடியோ. இப்போதைய கேமராக்கள் பெரும்பாலும் 6000க்கு 4000 பிக்சல் எடுக்கின்றன. குரூப் போட்டோவைத் தேட வேண்டாம். மேடையில் அப்பாவும் அம்மாவும் மட்டும் நிற்கும்படி கேமராவை நெட்டாகப் பிடித்து எடுத்த படம் ஒன்று நிச்சயம் இருக்கும், எல்லாக் கல்யாணத்திலும் எடுப்பார்கள். அதில் அப்பாவின் மார்பளவு சுமார் 1800க்கு 2400 பிக்சல் வரலாம். 18க்கு 24 அங்குலத்தில் அங்குலத்துக்கு 100, மூன்று அடியிலிருந்து அருமையாக இருக்கும். 3க்கு 4 அடிக்கு இழுத்தால் 50, ஆறு அடிக்கு அப்பால் நின்று பார்க்க நன்றாக இருக்கும். சோபாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது.

மூன்றாவது, நீங்கள் "ரொம்பப் பழசு" என்று ஒதுக்கிவிட்டது. அந்த நெகட்டிவ் எவ்வளவு பெரியது என்று அளந்து பாருங்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் 120 ஃபிலிம் பயன்படுத்தின. ஒரு பக்கம் ஏறத்தாழ ஐந்தரை சென்டிமீட்டர், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது, சதுரமாக இருக்கும். அதை அங்குலத்துக்கு 2400 வீதம் ஸ்கேன் செய்தால் ஒரு பக்கத்துக்கு சுமார் 5300 பிக்சல் கிடைக்கும். 3க்கு 4 அடிக்கு அங்குலத்துக்கு 110! தம்பியின் போனைவிட, கல்யாணக் கேமராவைவிட, நாற்பது வருடம் பழைய அந்தச் சின்ன ஃபிலிம் துண்டில் உங்கள் அப்பா நிறைய இருக்கிறார். பெரிதாக்கினால் ஃபிலிமின் மணல் மணலான தன்மை கொஞ்சம் தெரியும். அது குறை ஆகாது. பிளாஸ்டிக் வழவழப்பைவிட மனிதத் தோலுக்கு அது பல மடங்கு பொருத்தம்.

ஸ்கேன் செய்து நூறு சதவீத அளவில் திறந்தால் கண்ணுக்குக் கீழேயும் கன்னத்திலும் பொடிப் பொடியாகக் கோடுகள் தெரியக்கூடும். கீறல் என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். அன்றைய ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேலேயே கூரான பென்சிலால் டச்சிங் செய்து சுருக்கங்களை மென்மையாக்குவார்கள். யாரோ ஒரு கைக்காரர் லென்ஸை வைத்துக்கொண்டு உங்கள் அப்பாவின் முகத்தில் செய்த வேலை அது. அப்படியே இருக்கட்டும்.

தயங்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. அது இளவயது முகம். உங்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்த நரைத்த அப்பா அதில் இல்லை. அம்மா எந்த முகத்தைத் தினமும் பார்க்க விரும்புவார் என்பதை என்னால் சொல்ல முடியாது. அவரிடமே கேளுங்கள். இளவயதுப் படத்தைப் பெரியதாகவும், கல்யாணத்துப் படத்தை 8க்கு 10 அளவில் பக்கத்திலும் வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தலைகீழாக வைத்தவர்களும் உண்டு.

நெகட்டிவைத் தொடும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. மங்கலாக இருக்கும் பக்கத்தில்தான் படம் இருக்கிறது, ஈரம் பட்டால் அது கரைந்து வந்துவிடும். காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். பழைய கவரோடு, ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். பாலிதீன் பையில் போட்டு வெயிலில் பஸ்ஸில் வராதீர்கள். எல்லா லேபிலும் நெகட்டிவ் ஸ்கேன் செய்வதில்லை. "நெகட்டிவுக்கு மேல் விளக்கு உள்ள ஸ்கேனர் இருக்கிறதா" என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அது இல்லையென்றால், பின்னால் விளக்கு வைத்து, மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸால் படமெடுக்கத் தெரிந்த போட்டோகிராபர் போதும். அப்படியும் 4000 பிக்சல் வரை கிடைக்கும். எதுவும் அமையாவிட்டால் அந்தக் கருப்பு வெள்ளைப் பிரதியை 600 வீதம் ஸ்கேன் செய்யுங்கள், 1200 வைப்பதால் பெரும்பாலும் கோப்புதான் வீங்கும். பிரதி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்கவே கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

ஏஐ ஆப் பற்றி

நினைவுப் படத்துக்கு, முகத்துக்கு, வேண்டாம். காரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்த ஆப்புகள் இல்லாத விவரத்தைக் கண்டுபிடிப்பதில்லை. ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியதால், இந்த இடத்தில் புருவம் என்றால் இப்படி இருக்கும் என்று வரைகின்றன. ஆயிரம் பேர் புருவத்தில் நாடா பட்ட தழும்பு கிடையாது. அதனால் உங்கள் அப்பாவின் புருவத்திலிருந்தும் அது போய்விடுகிறது. மச்சம், கோணல் பல், ஒரு கண் சற்று சிறியதாக இருப்பது எல்லாம் இப்படித்தான் சமமாகிவிடும். தெரியாதவருக்கு அழகாகத் தெரியும். கூட வாழ்ந்தவருக்குத்தான் இடறும்.

பழைய பிரதியில் உள்ள கீறலை, மடிப்பை, பின்னால் இருக்கும் திரையின் கறையைச் சரிசெய்ய அதே கருவிகளைப் பயன்படுத்தலாம், முகத்தின் எல்லைக்கு வெளியே. இருக்கிற பிக்சலை இரண்டு மடங்கு வரை சாதாரண முறையில் பெரிதாக்குவதிலும் தப்பில்லை. 324 மடங்குதான் தப்பு.

உரிமை, பணம்

நான் வக்கீல் இல்லை. ஆனால் தொழிலில் தினமும் வரும் கேள்வி என்பதால் இது தெரியும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். தங்கை கல்யாணத்துக்கு ஸ்டூடியோ பிடித்துப் பணம் கொடுத்தவர் உங்கள் அப்பா. அவருக்குப் பிறகு அந்த உரிமை வாரிசுகளுக்கு வருகிறது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட ரசீதில் வேறு ஏதும் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் படத்தின் மேல் உரிமை என்பதும், ஹார்ட் டிஸ்கில் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலை என்பதும் வேறு வேறு. சட்டத்தைக் காட்டி ஆரம்பித்தால் "அழிந்துபோச்சு" என்ற ஒரு வார்த்தையில் கதவு மூடிவிடும். "எல்லாப் படமும் வேண்டாம், அப்பாவும் அம்மாவும் மேடையில் நிற்கும் இரண்டு மூன்று படம் மட்டும், சுருக்காத கோப்பாக, நினைவு நாளுக்கு" என்று நேரில் போய்க் கேளுங்கள். தேடும் நேரத்துக்கு ஒரு தொகை தருகிறேன் என்று நீங்களே சொல்லுங்கள். இப்படிக் கேட்டால் மறுத்த ஸ்டூடியோக்காரர்கள் குறைவு.

பிரிண்ட் கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்பது, என் பார்வையில், நியாயம் பாதிதான். கோப்பு உங்களுடையது, 300 வேண்டும் என்று வாய்வார்த்தையாக எச்சரித்தும் இருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையம் வரை கொண்டுபோனால் அதையே சொல்வார்கள். "பார்த்துச் சொல்லியிருக்கலாமே" என்று சொல்லி, அடுத்த பிரிண்டில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நல்ல கடையாக இருந்தால் ஒத்துக்கொள்வார்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன்

மூலக் கோப்பை நகலெடுத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யச் சொல்லுங்கள். முதல் வேலை விகிதம். 3க்கு 4 அடி என்பது 3:4. போன் படம் அதே விகிதம், கல்யாணக் கேமரா படம் 2:3, நெகட்டிவ் சதுரம். எங்கே வெட்டுவது என்பதைக் கடைப் பையனிடம் விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தலைக்கு மேல் இடம் விடுங்கள், அங்கே மாலை வரும். பிரேமின் விளிம்பு நான்கு பக்கமும் கால் அங்குலம் விழுங்கும். கேன்வாஸில் போட்டுக் கட்டையில் மடிப்பதாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் போய்விடும், அதற்கும் சேர்த்துப் பின்னணி வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் அளவை மாற்றும்போது 'ரீசாம்பிள்' (பிக்சலைப் புதிதாகச் செய்யும் வசதி) என்ற கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டு 36, 48 என்று அங்குலத்தைப் போடச் சொல்லுங்கள். ரெசொல்யூஷன் என்ற இடத்தில் தானாக ஓர் எண் வரும். அதுதான் பொய் சொல்லாத எண். 100க்கு மேல் இருந்தால் கையே வைக்க வேண்டாம். 50க்கும் 100க்கும் நடுவில் இருந்தால், தூரத்தை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். 50க்குக் கீழே என்றால் படத்தின் அளவைக் குறையுங்கள், எண்ணை ஏற்ற வேண்டாம்.

ஷார்ப் செய்வது கடைசி வேலை, அளவை முடிவு செய்த பிறகு. போன் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் படம் பளிச்சென்று தெரியும், காகிதத்தில் இருட்டாக வரும். நம் அப்பாக்களின் மாநிறத் தோலுக்கு இது பெரிய அநியாயம் செய்துவிடும். நடுத்தர வெளிச்சங்களைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்கள், ஆனால் நிறத்தை வெளுக்க விடாதீர்கள். கோப்பை டிஃப் வகையாகவோ, அதிகபட்சத் தரத்தில் ஜேபெக் வகையாகவோ, எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் சேமித்துப் பென்டிரைவில் கொடுங்கள். கடைக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் பாடுபட்டதெல்லாம் வீண்.

தோற்றம், மறைவு தேதிகளைப் போன் ஆப்பில் படத்தின் மேலேயே எழுதிக் கொடுக்காதீர்கள். எழுத்தைத் தனியாகக் கடையில் அமைக்கச் சொல்லி, அவுட்லைன் ஆக்கிய (எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிய) பிறகு ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். எழுத்துரு மாறும்போது ஒற்றைக் கொம்பும் புள்ளியும் தொலைவது இங்கே சகஜம். காகிதம் பளபளப்பாக வேண்டாம், எதிரே ஜன்னலும் டியூப்லைட்டும் இருந்தால் அப்பா தெரிய மாட்டார். பளபளப்பே இல்லாத மேட் அல்லது லேசான மினுக்கு உள்ள லஸ்டர் போதும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் சிறு இடைவெளி விட்டு பிரேம் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஐந்தாறு மழைக்காலத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

முழுப் படத்தையும் ஓட்டுவதற்கு முன் ஒரு சோதனைத் துண்டு கேளுங்கள். 3க்கு 4 அடிக் கோப்பிலிருந்து, அளவை மாற்றாமல், 8க்கு 10 அங்குலம் மட்டும் வெட்டி அதே காகிதத்தில் அடித்துத் தருவார்கள். செலவு கொஞ்சம்தான். இடது புருவமும் கண்ணும் அதில் வரும்படி வெட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், படம் மாட்டப் போகிற அதே சுவரில், அதே உயரத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். அம்மாவை முதலில் சோபாவில் உட்கார வையுங்கள். அப்புறம் பூ வைக்கும் இடத்துக்கு அவராகவே எழுந்து வரட்டும், நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். அவர் கை அந்தத் தழும்புக்குப் போனால், கடைக்குப் போன் செய்து முழுப் படத்தையும் ஓட்டச் சொல்லிவிடுங்கள்.